கடைசி 40 மீட்டரில் உசைன் போல்ட் செய்தது என்ன?

100 மீட்டர் ஓட்டத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல யாருக்கும் தயக்கம் இருப்பதில்லை. பத்து நொடியில் முடிந்துவிடுகிற போட்டி. முதலில் வருபவர் வெற்றியாளர். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? அதனாலேயே இந்தப் போட்டியைப் பற்றிப் போகிற போக்கில் சொல்லப்படுபவை எல்லாம் கேள்வி கேட்கப்படாமல் நிலைத்துவிடுகின்றன. அவற்றில் மிகப் பிரபலமானது ஜமைக்காவின் உசைன் போல்ட்டைப் பற்றியது: “ஆரம்பத்தில் பின்தங்குவார், 60 மீட்டரைத் தாண்டியதும் கியரை மாற்றிப் பறந்துவிடுவார்.”

இந்த ஒரு வரியில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. தன் மிகச் சிறந்த ஓட்டத்தில் அவர் ஆரம்பத்தில் பின்தங்கவில்லை. கடைசிக் கட்டத்தில் வேகத்தைக் கூட்டவும் இல்லை. அங்கே அவருடைய வேகம் குறைந்தது. நம்பக் கடினமாக இருக்கலாம். தொலைக்காட்சியில் எத்தனை முறை பார்த்தாலும் அவர் சீறிப் பாய்வதாகத்தான் தெரிகிறது. கண் ஏன் அப்படி ஏமாறுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம்.

கண் செய்யும் பிழை

அடுத்தடுத்த தண்டவாளங்களில் இரண்டு ரயில்கள் ஒரே திசையில் போகின்றன. நீங்கள் ஒன்றில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். சிறிது தூரம் இரண்டும் இணையாக ஓடுகின்றன. திடீரென்று பக்கத்து ரயில் பின்னால் நழுவத் தொடங்குகிறது. “நம் வண்டி வேகம் எடுத்துவிட்டது” என்றுதான் மனம் சொல்லும். உண்மையில் பக்கத்து ரயிலின் ஓட்டுநர் பிரேக்கைத் தொட்டிருப்பார். உங்கள் ரயிலும்கூடச் சற்று வேகம் குறைந்திருக்கலாம். மற்றது அதைவிட அதிகமாகக் குறைந்ததால் உங்களுக்கு முன்னேறிய உணர்வு கிடைக்கிறது.

100 மீட்டர் ஓட்டத்தின் கடைசி 20 மீட்டரில் நடப்பது இதுதான். எட்டுப் பேரின் வேகமும் அங்கே குறைந்துகொண்டிருக்கிறது. யாருக்குக் குறைவாகக் குறைகிறதோ அவர் மற்றவர்களைவிட்டுப் பிரிந்து முன்னே போவதுபோல் தெரிகிறார். கேமராவும் ஓட்டக்காரர்களோடு கூடவே நகர்வதால் தரையைப் பொறுத்த வேகம் நமக்குப் பிடிபடுவதே இல்லை.

பெர்லின், 16 ஆகஸ்ட் 2009

உலகத் தடகளச் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி. போல்ட் 9.58 நொடி, அமெரிக்காவின் டைசன் கே 9.71 நொடி, ஜமைக்காவின் அசஃபா பவல் 9.84 நொடி. 9.58 இன்றுவரை உலக சாதனை. அந்தப் போட்டியில் ஒவ்வொரு 20 மீட்டருக்கும் ஆன நேரத்தைத் தனித்தனியாக அளந்திருக்கிறார்கள். இப்படித் துண்டு துண்டாக அளக்கும் நேரத்தை இந்தக் கட்டுரையில் இடைநேரம் என்று சொல்வோம்.

போல்ட் முதல் 20 மீட்டரைக் கடக்க 2.89 நொடி ஆனது. நின்ற நிலையிலிருந்து கிளம்புவதால் இது நீளமாக இருப்பது இயல்பு. அடுத்த 20 மீட்டருக்கு 1.75 நொடி, அதற்கடுத்த 20க்கு 1.67, 60இலிருந்து 80 வரை 1.61, கடைசி 20 மீட்டருக்கு 1.66.

கடைசி இரண்டு எண்களைப் பாருங்கள். 1.61 என்பது மணிக்கு 44.7 கிலோமீட்டர். 1.66 என்பது மணிக்கு சுமார் 43.4 கிலோமீட்டர். மனிதர் ஓடிய மிக வேகமான 100 மீட்டரிலும் கடைசிக் கட்டத்தில் வேகம் இறங்கத்தான் செய்தது.

டைசன் கேயின் இடைநேரங்கள்: 2.92, 1.78, 1.69, 1.63, 1.69. முதல் 20 மீட்டரிலேயே போல்ட் 0.03 நொடி முன்னால் இருக்கிறார். 40இல் வித்தியாசம் 0.06, 60இல் 0.08, 80இல் 0.10, முடிவில் 0.13. எந்தக் கட்டத்திலும் போல்ட் துரத்தவில்லை. துப்பாக்கி ஒலித்த சில நொடிகளிலேயே முன்னிலை பெற்று, ஒவ்வொரு 20 மீட்டரிலும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக்கிக்கொண்டார். “கியர் மாற்றம்” என்று தனியாகக் குறிக்க ஓரிடம்கூட இந்த எண்களில் இல்லை.

இதுவரை: 100 மீட்டரில் எல்லோரும் வேகம் எடுக்கிறார்கள், ஓர் உச்சத்தைத் தொடுகிறார்கள், பிறகு தளர்கிறார்கள். போல்ட்டின் உச்சம் மற்றவர்களுடையதைவிட உயரமானது, தளர்ச்சி சிறியது.

உடல் ஏன் தளர்கிறது?

ஓடும்போது ஒருவர் எட்டும் அதிகபட்ச வேகத்துக்கு உச்ச வேகம் என்று பெயர். சாதாரணப் பள்ளி மாணவர் 30, 40 மீட்டரிலேயே தன் உச்ச வேகத்தைத் தொட்டுவிடுவார்; அதற்குப் பிறகு மிச்சத் தூரம் முழுக்க இறக்கம்தான். உலகத் தரமான ஓட்டக்காரரோ 60 மீட்டர் வரைகூட வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார். இதைக் கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும். வேகமானவர் உச்சத்தைச் சீக்கிரம் தொட வேண்டும் அல்லவா? இல்லை. அவருடைய உச்சம் மிக உயரத்தில் இருக்கிறது. அங்கே ஏறிச் சேர அதிகத் தூரம் தேவைப்படுகிறது.

ஏறிய பிறகு அங்கே நீண்ட நேரம் நிற்க முடியாது. தசைகளுக்குள் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற வேதிப்பொருள் சிறிதளவு சேமிப்பில் இருக்கிறது. மிக வேகமாக ஆற்றல் தரக்கூடியது அதுதான். முழு வீச்சில் ஓடும்போது சில நொடிகளிலேயே அதன் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. அடுத்து வரும் ஆற்றல் வழி, சர்க்கரையை உடைத்து எரிப்பது. அதன் விநியோகம் அத்தனை விரைவானது அல்ல. நரம்புகளும் களைக்கின்றன. நொடிக்கு நான்கு காலடிக்கு மேல் தசைகளை இறுக்கியும் தளர்த்தியும் ஓடச் சொல்லும் கட்டளைகள், ஏழெட்டு நொடிக்குப் பிறகு பழைய துல்லியத்தோடு போய்ச் சேர்வதில்லை. தோள் இறுகும், கழுத்து நரம்பு புடைக்கும், கால் நிலத்தில் படும் இடம் சற்று முன்னே தள்ளிப்போகும். அப்படிப் படும் ஒவ்வொரு அடியும் ஒரு சிறு பிரேக்.

இதனால்தான் பயிற்சியாளர்கள் ‘முகத்தைத் தளர்த்து’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். கடைசி 20 மீட்டரில் பல்லைக் கடித்துக்கொண்டு முயல்கிறவர் பெரும்பாலும் இழக்கிறார்.

கால் வேகமாகச் சுழன்றதா?

போல்ட்டின் கால்கள் மற்றவர்களுடையதைவிட வேகமாக இயங்கின என்பது அடுத்த பொதுநம்பிக்கை. இதுவும் சரியல்ல.

ஓட்டத்தின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கல். ஓர் அடிக்கு எவ்வளவு தூரம் கடக்கிறீர்கள் என்பது அடி நீளம். நொடிக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்பது அடி வீதம். பெர்லினில் 100 மீட்டரைக் கடக்க போல்ட்டுக்கு 41 அடிகள் போதுமானதாக இருந்தன. டைசன் கேக்கு 45க்கும் மேல். வகுத்துப் பார்த்தால் கே நொடிக்கு ஏறத்தாழ 4.7 அடி, போல்ட் 4.3 அடி. அதாவது தோற்றவரின் கால்கள்தான் வேகமாகச் சுழன்றன. போல்ட்டின் சராசரி அடி நீளமோ 2.4 மீட்டரைத் தாண்டியது.

உயரம் ஒரு காரணம், 195 சென்டிமீட்டர். ஆனால் உயரம் மட்டுமே போதும் என்றால் கூடைப்பந்து வீரர்கள் எல்லோரும் ஒலிம்பிக் தங்கம் வென்றிருப்பார்கள். நீண்ட அடி வைப்பதற்கு உடலைக் காற்றில் அவ்வளவு தூரம் எறிய வேண்டும். எறிவதற்கு நிலத்தை உதைக்க வேண்டும். உச்ச வேகத்தில் ஒரு பாதம் நிலத்தில் பட்டிருக்கும் நேரம் நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் கண்ணிமைப்பொழுதுக்குள், தன் உடல் எடையைப்போல் நான்கு மடங்குக்கு மேற்பட்ட விசையை ஒற்றைக் காலால் நிலத்தின்மீது செலுத்த வேண்டும். போல்ட்டின் எடை 90 கிலோவுக்கு மேல் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்றில் காலை வீசும் வேகத்தில் நல்ல ஓட்டக்காரருக்கும் சாதாரண ஓட்டக்காரருக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. நிலத்தை உதைக்கும் விசையில்தான் அவர்கள் பிரிகிறார்கள். விரைவோட்டத்தை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது இது.

இன்னொரு பக்கம் ஷெல்லி-ஆன் ஃப்ரேசர்-பிரைஸ் இருக்கிறார். அதே ஜமைக்கா, அதே 2008 பெய்ஜிங் ஒலிம்பிக், பெண்கள் 100 மீட்டரில் தங்கம். உயரம் 152 சென்டிமீட்டர். போல்ட் பக்கத்தில் நின்றால் அவர் மார்பு வரைதான் வருவார். அவர் வென்றது மின்னல்போன்ற கிளம்பலாலும் அடி வீதத்தாலும். பெருக்கலில் எந்த எண்ணை உயர்த்தினாலும் விடை உயரும். இருவரும் வெவ்வேறு எண்ணை உயர்த்தினார்கள்.

இதுவரை: வேகம் என்பது அடி நீளமும் அடி வீதமும் பெருகிய தொகை. போல்ட்டின் பலம் அடி நீளம். அதன் அடியில் இருப்பது நிலத்தை உதைக்கும் விசை.

நெட்டையருக்கு 100 மீட்டர் எதற்கு?

உயரம் வரம் என்று இப்போது சொல்கிறோம். 2007 வரை அதைக் குறையாகத்தான் கருதினார்கள். கிளம்பும்போது கால்களை ஊன்றி உதைக்கும் கட்டையான ஸ்டார்ட்டிங் பிளாக்கில் குனிந்து மடங்கி, அங்கிருந்து விரிந்து எழுவது நீண்ட கைகால்களுக்குச் சிரமம். முதல் பத்தடிகளில் தேவைப்படுவது குறுகிய, விரைந்த உதைகள். குட்டையான, திரண்ட தசை உடையவர்களுக்கு அது எளிது. 100 மீட்டர் வீரர் என்றால் 180 சென்டிமீட்டரை ஒட்டிய கட்டுமஸ்தான உடல் என்ற எண்ணம் அப்போது ஊறிப்போயிருந்தது.

போல்ட்டும் தொடக்கத்தில் 100 மீட்டர் பக்கமே வரவில்லை. ஜமைக்காவின் ட்ரெலானி மாவட்டத்தில் ஷெர்வுட் கன்டென்ட் என்ற சிற்றூரில் 1986 ஆகஸ்ட் 21ஆம் தேதி பிறந்தவர். பெற்றோர் மளிகைக் கடை வைத்திருந்தார்கள். சிறுவயதில் அவருக்குக் கிரிக்கெட்தான் எல்லாம். வேகப்பந்து வீச ஓடிவந்த வேகத்தைப் பார்த்த கிரிக்கெட் பயிற்சியாளர்தான் தடகளத்துக்குப் போகச் சொன்னார். வில்லியம் நிப் உயர்நிலைப் பள்ளியில் அவரைப் பயிற்றுவித்தவர் முன்னாள் ஒலிம்பிக் வீரர் பாப்லோ மக்நீல். (கிரிக்கெட் ஆசை விட்டுப்போகவில்லை. 2009இல் ஒரு நிதி திரட்டும் ஆட்டத்தில் கிறிஸ் கெய்லின் ஸ்டம்பைச் சாய்த்தார்.)

2002இல் கிங்ஸ்டனில் உலக ஜூனியர் சாம்பியன்ஷிப் நடந்தது. சொந்த நாட்டுக் கூட்டம் பெயரைச் சொல்லி ஆர்ப்பரிக்க, 15 வயதுப் பையன் பதற்றத்தில் இடது ஷூவை வலது காலிலும் வலதை இடதிலும் மாட்டிக்கொண்டான். பிறகு சரிசெய்துகொண்டு 200 மீட்டரை 20.61 நொடியில் ஓடித் தங்கம் வென்றான். 2004இல் 19.93 நொடி ஓடி, 200 மீட்டரில் 20 நொடிக்குக் கீழே வந்த முதல் ஜூனியர் வீரன் ஆனான்.

பிறகு மூன்று ஆண்டுகள் சரிவு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தொடைப் பின்தசைக் காயத்தோடு ஓடி முதல் சுற்றிலேயே வெளியேறினார். 2005 ஹெல்சிங்கி உலகப் போட்டியில் இறுதி வரை வந்து, பாதி வழியில் காயம்பட்டு, 26.27 நொடியில் கடைசியாக வந்தார். அவருக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கும் குறைபாடு உண்டு, ஸ்கோலியோசிஸ் என்பார்கள். அதனால் இடுப்பு ஒரு பக்கம் இழுத்து, தொடைத் தசைகளின் மீது சீரற்ற சுமை விழுந்தது. புதிய பயிற்சியாளர் கிளென் மில்ஸ், வேகத்தைத் தொடுவதற்கு முன் முதுகையும் வயிற்றையும் வலுவாக்கினார். காயங்கள் குறைந்தது அதற்குப் பிறகுதான். போல்ட் பிறவியிலேயே எல்லாம் அமையப்பெற்றவர் என்று பேசுகிறவர்கள் இந்த மூன்று ஆண்டுகளை விட்டுவிடுகிறார்கள்.

மில்ஸ் அவரை 400 மீட்டர் ஓடச் சொன்னார். போல்ட்டுக்கு 400 மீட்டர் பயிற்சி என்றாலே கசப்பு. 100 ஓடுகிறேன் என்று பேரம் பேசினார். 200 மீட்டர் தேசிய சாதனையை முறியடித்தால் பார்க்கலாம் என்று மில்ஸ் நிபந்தனை வைத்தார். டான் குவாரி 1971இல் ஓடிய 19.86 நொடி அது. 2007 ஜூனில் போல்ட் 19.75 ஓடினார். அடுத்த மாதம் கிரீஸின் கிரீட் தீவில் 100 மீட்டர் ஓடக் கிடைத்தது: 10.03 நொடி. ஓராண்டுகூட ஆகவில்லை, 2008 மே 31 அன்று நியூயார்க்கில் 9.72 ஓடி, பவலின் 9.74 உலக சாதனையை முறியடித்தார். அதற்கு முன் அவர் ஓடியிருந்த முக்கிய 100 மீட்டர் போட்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

துப்பாக்கிக்கும் காலுக்கும் நடுவே

துப்பாக்கி ஒலித்ததிலிருந்து ஓட்டக்காரரின் கால் ஸ்டார்ட்டிங் பிளாக்கை அழுத்தத் தொடங்கும் வரை ஆகும் நேரம் எதிர்வினை நேரம். காது கேட்டு, மூளை உணர்ந்து, கட்டளை கால் வரை இறங்கி வருவதற்கான அவகாசம் அது. பிளாக்கில் பொருத்திய உணர்கருவி இதை ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி வரை அளக்கிறது. 0.100 நொடிக்கும் குறைவாக வந்தால் ஒலியைக் கேட்டுக் கிளம்பவில்லை, ஊகித்துக் கிளம்பினார் என்று பொருள், ஃபால்ஸ் ஸ்டார்ட். ஒலி எல்லாப் பாதைகளுக்கும் ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்பதற்காக ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு ஒலிபெருக்கி வைக்கப்படுகிறது.

எதிர்வினை நேரமும் ‘நல்ல ஸ்டார்ட்’டும் ஒன்றல்ல. இந்த இரண்டையும் குழப்புவதால்தான் போல்ட்டுக்கு மோசமான ஸ்டார்ட்டர் என்ற பட்டம். பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதியில் அவருடைய எதிர்வினை நேரம் 0.165 நொடி, எட்டுப் பேரில் கடைசிக்கு முந்தைய இடம். அந்தப் போட்டியில் இரண்டாவதாக வந்த ரிச்சர்ட் தாம்சனுக்கு 0.133. அந்தத் தாமதத்தோடு கிளம்பியும் பாதித் தூரத்துக்குள் போல்ட் முன்னிலைக்கு வந்துவிட்டார். காது மெதுவாக இருந்தது. கால் மெதுவாக இல்லை.

அந்தப் போட்டியின் 10 மீட்டர் இடைநேரங்கள் சுவையானவை. 50இலிருந்து 80 வரை ஒவ்வொரு 10 மீட்டரும் 0.82 நொடி. அடுத்தது 0.83. கடைசி 10 மீட்டர் 0.90. கைகளை விரித்து, மார்பைத் தட்டிக்கொண்டு எல்லையைக் கடந்ததன் விலை அது. ஷூ லேஸ் ஒன்றும் அவிழ்ந்து கிடந்தது. நேரம் 9.69, புதிய உலக சாதனை; தாம்சன் 9.89. கொண்டாடாமல் ஓடியிருந்தால் 9.55க்கும் 9.61க்கும் நடுவில் வந்திருக்கும் என்று ஓஸ்லோ பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் கணக்கிட்டார்கள். ஓராண்டு கழித்து பெர்லினில் கடைசி 10 மீட்டரையும் அவர் 0.83 நொடியில் ஓடினார்.

ஃபால்ஸ் ஸ்டார்ட் விதி 2010இலிருந்து இறுகியது: முதல் தவறிலேயே வெளியேற்றம். அடுத்த ஆண்டு தென் கொரியாவின் டேகுவில், 100 மீட்டர் இறுதியில் அதற்குப் பலியானவர் போல்ட்டேதான். இதில் கருவியின் உதவியே தேவைப்படவில்லை. துப்பாக்கிக்கு முன்பே அவர் பாய்ந்ததை அரங்கம் முழுக்கப் பார்த்தது. அவர் உடனே பனியனைக் கழற்றிவிட்டார். பயிற்சித் தோழர் யோஹான் பிளேக் 9.92இல் தங்கம் வென்றார்.

காற்று

பின்னாலிருந்து வீசும் காற்று நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் சாதனை செல்லாது. 2 மீட்டர் காற்று நேரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு நொடி உதவுகிறது. பெய்ஜிங்கில் காற்று சுழி, பெர்லினில் 0.9, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 1.5. லண்டனில் அவர் ஓடிய 9.63ஐ வைத்து “பெர்லினைக் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டார்” என்று சொல்பவர்கள் இந்த எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கூடுதல் காற்றோடு ஓடியும் 0.05 நொடி பின்தங்கியிருந்தார்.

200 மீட்டரில் ஒரு வேடிக்கை

பெர்லினிலேயே நான்கு நாள் கழித்து 200 மீட்டரை 19.19 நொடியில் ஓடினார். அதுவும் இன்றுவரை உலக சாதனை. முதல் 100 மீட்டருக்கு 9.92 நொடி, இரண்டாவது 100 மீட்டருக்கு 9.27. அப்படியானால் 100 மீட்டர் சாதனை ஏன் 9.27 இல்லை என்று பள்ளி மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. இரண்டாவது பாதியைத் தொடங்கும்போதே அவர் முழு வேகத்தில் இருக்கிறார். நின்ற இடத்திலிருந்து எழும் செலவு முதல் பாதியிலேயே கணக்குத் தீர்க்கப்பட்டுவிட்டது. வளைவில் ஓடும் சிரமத்தையும் மீறி முதல் பாதி 9.92 என்பதுதான் எனக்கு அதிக வியப்பு.

2009இல் மான்செஸ்டர் நகரத் தெருவில் போடப்பட்ட நேரான தளத்தில் 150 மீட்டர் ஓடினார். 14.35 நொடி. அதில் கடைசி 100 மீட்டர் 8.70 நொடி. 4×100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் கடைசியாக ஓடுபவரின் நேரம் 9 நொடிக்கும் கீழே வருவதும் இதே காரணத்தால். ஓடிக்கொண்டே பேட்டனை வாங்குகிறார். அதை 100 மீட்டர் சாதனையோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

கிழங்கும் மரபணுவும்

ஜமைக்கா 30 லட்சம் மக்கள்கூட இல்லாத தீவு. அங்கிருந்து மட்டும் எப்படி இத்தனை பேர் என்றால் உடனே இரண்டு விடைகள் வரும். ஒன்று, ட்ரெலானியில் விளையும் யாம் என்ற கிழங்கு; போல்ட்டின் தந்தையே அதைப் புகழ்ந்து சொன்னதால் பரவியது. மற்றொன்று, அடிமைக் கப்பல்களில் உயிர்பிழைத்தவர்களின் மரபணு. கிழங்கு நல்ல உணவு, அவ்வளவுதான். மரபணுக் கதைக்கு இருக்கும் சிக்கல் எளிது: அதே வரலாறு கொண்ட பல தீவுகளும் நாடுகளும் இருக்கின்றன, இந்த அளவுக்கு எங்கும் விளையவில்லை.

ஜமைக்காவில் மட்டும் இருப்பது ‘சாம்ப்ஸ்’. 1910இலிருந்து நடக்கும் பள்ளிகளுக்கிடையிலான தடகளப் போட்டி. ஒவ்வொரு ஆண்டும் கிங்ஸ்டனின் தேசிய அரங்கம் பள்ளிப் பிள்ளைகள் ஓடுவதைப் பார்க்க நிரம்பி வழிகிறது. 2003இல் போல்ட் அங்கே 200 மீட்டரை 20.25இலும் 400 மீட்டரை 45.35இலும் ஓடினார், வயது 16. திறமையுள்ள பையனோ பெண்ணோ அங்கே கண்ணில் படாமல் தப்புவது கடினம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஆர்தர் வின்ட் 400 மீட்டர் தங்கம் வென்ற காலத்திலிருந்து, ஓடினால் ஊர் மதிக்கும் என்ற நம்பிக்கையும் அங்கே உண்டு. பிறகு வெளிநாடு போகாமல் உள்ளூரிலேயே பயிற்சி பெறவும் வழி பிறந்தது. போல்ட் பயின்றது கிங்ஸ்டனில் மேற்கிந்தியப் பல்கலைக்கழக மைதானத்தில்.

எட்டா, ஒன்பதா?

பதக்க எண்ணிக்கையில் வரும் குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். 2008, 2012, 2016 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளிலும் 100, 200, தொடர் ஓட்டம் என்று ஒன்பது தங்கம் வென்றார். பெய்ஜிங் தொடர் ஓட்ட அணியில் இருந்த நெஸ்டா கார்ட்டரின் மாதிரியை மீண்டும் சோதித்தபோது தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தது. 2017இல் அந்தத் தங்கம் முழு அணியிடமிருந்தும் பறிக்கப்பட்டது. எனவே எட்டு. போல்ட் எந்தச் சோதனையிலும் சிக்கியதில்லை. அவரோடு ஓடிய கே, பவல், அமெரிக்காவின் ஜஸ்டின் கேட்லின், பிளேக் ஆகிய நால்வரும் ஏதோ ஒரு கட்டத்தில் ஊக்கமருந்து விவகாரத்தில் தடை பெற்றவர்கள். அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேச முடியாது.

தோல்விகளைப் படிப்பது

தொடர்ந்து வென்றவரின் நுட்பம் தோல்வியின் விளிம்பில்தான் நன்றாகத் தெரிகிறது. 2015 பெய்ஜிங் உலகப் போட்டிக்கு வரும்போது ஜஸ்டின் கேட்லின் நீண்ட காலமாகத் தோற்காமல் இருந்தார். போல்ட்டோ அரையிறுதியில் தடுமாறினார். இறுதியில் கடைசிச் சில மீட்டர்களில் கேட்லின் எல்லையை நோக்கி முன்கூட்டியே சாய்ந்தார்; நடை குலைந்தது. போல்ட் 9.79, கேட்லின் 9.80. இறுகாமல் ஓடியவருக்குக் கிடைத்த 0.01 அது.

2017 லண்டனில் கடைசி உலகப் போட்டி. முதல் சுற்றிலேயே ஸ்டார்ட்டிங் பிளாக் சரியில்லை என்று குறைபட்டார். இறுதியில் கேட்லின் 9.92, கிறிஸ்டியன் கோல்மன் 9.94, போல்ட் 9.95. வெண்கலம். வயதாகிவிட்டது என்று உலகமே எழுதியது.

எதிர்வினை நேரங்களைப் பாருங்கள்: கோல்மன் 0.123, கேட்லின் 0.138, போல்ட் 0.183. இதைக் கழித்துவிட்டு, கால் அசைந்த பிறகு ஓடிய நேரத்தை மட்டும் எடுத்தால் போல்ட்டுக்குச் சுமார் 9.77, கேட்லினுக்கு 9.78, கோல்மனுக்கு 9.82. அன்றும் மிக வேகமாக ஓடியவர் போல்ட்தான். கேட்லின் அளவுக்குக் காது விழித்திருந்தால் தங்கம் அவருடையது.

ஆனால் இதே கழித்தலை பெர்லினுக்கும் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அது ரசிகர் கணக்காகிவிடும். 2009இல் 9.58இலிருந்து 0.146ஐக் கழித்தால் 9.43. எட்டு ஆண்டில் ஓட்டத்தில் மட்டும் 0.33 நொடி மெதுவாகியிருக்கிறார். லண்டனில் அன்று 0.8 மீட்டர் எதிர்க்காற்று. பெர்லினின் சாதகக் காற்றோடு ஒப்பிட்டால் அதற்குப் பத்தில் ஒரு நொடி போகும். எஞ்சிய 0.23 நொடிக்குக் காரணம் வயதும், அதுவரை பட்ட காயங்களும். 2009இன் போல்ட்டாக இருந்திருந்தால் 0.183 எதிர்வினை நேரத்தோடு கிளம்பியும், எதிர்க்காற்றிலும், கேட்லினை இரண்டு மீட்டருக்கு மேல் பின்னால் விட்டிருப்பார்.